குடல் அழற்சி: குற்றவாளி கிருமியா, காவல்காரனா?

கரிசல்காட்டான் எழுதியது:

தம்பிக்கு வயது 24. ஆறு மாதமாக இரத்தமும் சளியுமாகக் கழிச்சல். மூலம் என்று நாங்களே முடிவு கட்டி, முதல் மூன்று மாதத்தைத் துத்திக்கீரையிலேயே ஓட்டிவிட்டோம். எட்டுக் கிலோ இளைத்த பிறகுதான் பயந்துபோய் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு ஓடினோம். கொலோனோஸ்கோப்பி செய்து, சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்து, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்றார்கள். பெருங்குடலின் உள்சுவரில் புண். அழற்சியைத் தணிக்கும் மெசலமைன் மாத்திரை போகிறது. இப்போது தேவலை.

நேற்று மருந்துக் கடைக்காரர் ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார். நல்ல பாக்டீரியா கேப்சூலாம், மாதத்துக்கு 1,800 ரூபாய். "குடலில் நல்ல கிருமி செத்துப்போனதால்தான் இந்த வியாதி. இதைப் போட்டால் நிரம்பிவிடும்" என்கிறார், ஏதோ தொட்டியில் மீன் வாங்கி விடுவதுபோல. மருத்துவரோ, "உங்கள் தம்பியின் நோயெதிர்ப்புச் சக்தியே அவர் குடலைத் தாக்குகிறது" என்றார். இருவரில் யார் சொல்வது சரி? கெட்ட கிருமிதான் காரணம் என்றால் ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் கொன்றுவிடலாம். நோயெதிர்ப்புதான் காரணம் என்றால் கேப்சூல் எதற்கு? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையசோறு எழுதியது:

1,800 ரூபாய்க்கு ஒரு சிப்பம் அரிசி வாங்கலாம் அண்ணாச்சி. இரவில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் சின்ன வெங்காயத்தோடு சாப்பிட்டால் அதில் இல்லாத பாக்டீரியாவா? என் பெயரைப் பார்த்தாலே தெரியும், நான் எந்தக் கட்சி என்று.

இலைமறைகாய் எழுதியது:

புண்ணாகிக் கிடக்கிற குடலுக்குப் பச்சை வெங்காயமா? பதினொரு வருடமாகக் குரோன் நோயோடு வாழ்கிறேன், அதுவும் உங்கள் தம்பியின் நோயைப் போல ஒரு குடல் அழற்சிதான். நோய் முற்றியிருக்கும்போது பச்சை வெங்காயம் தின்று பார்த்திருக்கிறேன். அந்த இரவைப் பற்றி இங்கே எழுத முடியாது.

எலிக்கூண்டு எழுதியது:

எலிகளோடு குடித்தனம் நடத்துகிற ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். மருத்துவர் இல்லை, ஆகவே மாத்திரை பற்றி என்னிடம் கேட்க வேண்டாம். "கிருமியா, நோயெதிர்ப்பா" என்ற கேள்விக்கு மட்டும் வருகிறேன்.

1993இல் ஜெர்மனியின் கொலோன் நகரில், இன்டர்லூகின்-10 என்ற புரதம் சுரக்காதபடி மரபணுவை நீக்கிய எலிகளை உருவாக்கினார்கள். நோயெதிர்ப்பு அணுக்களிடம் "போதும், நிறுத்து" என்று சொல்வது அந்தப் புரதத்தின் வேலை. அது இல்லாத எலிகளுக்குக் குடல் அழற்சி வந்தது. காவல்காரன்தான் குற்றவாளி, வழக்கு முடிந்தது என்று தோன்றுகிறதல்லவா? 1998இல் அமெரிக்காவின் வட கரோலைனாவில் பால்ஃபோர் சார்ட்டரின் குழுவினர் அதே வகை எலிகளை, ஒரு கிருமியும் நுழையாத கூடாரத்துக்குள் வளர்த்துப் பார்த்தார்கள். அழற்சி இல்லை. சாதாரணக் குடல் பாக்டீரியாக்களைக் கொடுத்ததும் ஒரு வாரத்தில் அழற்சி தொடங்கிவிட்டது. கொடுத்தவை நோய்க்கிருமிகள் அல்ல, எந்த எலியின் வயிற்றிலும் சாதுவாகக் குடியிருப்பவை.

எலிக்குச் சரி, மனிதனுக்கு? எனக்கு மிகப் பிடித்த ஆய்வு ஒன்று உண்டு. பெல்ஜியத்தின் லூவன் நகரில் பால் ருட்கீர்ட்ஸ் 1991இல் வெளியிட்டது. குரோன் நோயில் சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மீதியைப் பெருங்குடலோடு இணைத்துத் தைப்பார்கள். பெரும்பாலும், தைத்த இடத்துக்குச் சற்று மேலேயே நோய் திரும்பி வந்துவிடும். ஐந்து நோயாளிகளுக்கு மட்டும், தையலுக்கு மேலேயே குடலை வயிற்றுக்கு வெளியே திருப்பிவிட்டு, உள்ளே போவது எதுவும் அந்த இடத்தைத் தொடாதபடி செய்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ஐவருக்கும் அந்த இடம் சுத்தமாக இருந்தது. குடலை மறுபடி இணைத்தார்கள். அடுத்த ஆறு மாதத்தில் ஐவருக்கும் நோய் திரும்பியது.

அதோடு விடவில்லை. 1998இல் அதே லூவனில் மூன்று பேருக்கு, இப்படி ஒதுக்கிவைத்த குடலுக்குள் அவர்களுடைய குடல் திரவத்தையே எட்டு நாள் செலுத்திப் பார்த்தார்கள். எட்டாம் நாள் எடுத்த சதைத் துணுக்கில் அழற்சி தெரிந்தது.

அண்ணா, உங்கள் மருந்துக் கடைக்காரரும் மருத்துவரும் ஆளுக்கு ஒரு பாதியைச் சொல்லியிருக்கிறார்கள். சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும்.

வைகைக்கரை எழுதியது:

நான் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியன். இந்த வழக்கில் கிருமியைத் தேடி அலைந்த கதை பழையது, சொல்ல ஆசையாக இருக்கிறது.

குரோன் என்ற பெயர் 1932இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையிலிருந்து வந்தது. பரில் குரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை. ஆங்கில அகர வரிசையில் குரோன் முதலில் வந்ததால் நோய் அவர் பெயருக்குப் போய்விட்டது. மற்ற இருவரை யாருக்கும் நினைவில்லை. (பள்ளி வருகைப் பதிவேட்டில் 'அ'வில் பெயர் தொடங்குகிறவன் படுகிற பாடு எனக்குத் தெரியும். இங்கே முதல் எழுத்து லாபமாகிவிட்டது.) ஆனால் அவர்களுக்கு முன்பே, 1913இல், ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் கென்னடி டால்சீல் இதே நோயை விவரித்துவிட்டார். மாடுகளுக்கு வரும் ஜோனி நோயோடு இது ஒத்திருப்பதையும் அவர் குறிப்பிட்டார். மாட்டின் குடல் தடித்து, கழிச்சல் நிற்காமல் இளைத்துச் சாகும் நோய் அது. காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட தம்பி போன்ற ஒரு பாக்டீரியாதான் அதற்குக் காரணம்.

அப்போது பிடித்த சந்தேகம் நூறு ஆண்டாக விடவில்லை. பாலில் அந்தக் கிருமி வருகிறதா, மனிதக் குடலில் இருக்கிறதா என்று தேடிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஆஸ்திரேலியாவில் 213 குரோன் நோயாளிகளை வைத்துப் பெரிய சோதனை நடந்தது. ஒரு பிரிவினருக்கு அந்தக் கிருமிக்கு எதிரான மூன்று ஆன்டிபயாட்டிக்குகளை இரண்டு ஆண்டு கொடுத்தார்கள். 2007இல் முடிவு வந்தது. தொடக்கத்தில் கொஞ்சம் பலன், நீடித்த பலன் இல்லை. தம்பி கரிசல்காட்டான், "கொன்றுவிடலாமே" என்று கேட்டீர்கள். கொன்று பார்த்தாயிற்று.

இலைமறைகாய் எழுதியது:

காசநோய் என்று எழுதிவிட்டீர்கள் ஐயா, என் பழைய புண்ணைக் கிளறிவிட்டீர்கள்.

எனக்கு முதலில் சொன்னது குடல் காசநோய். சிறுகுடல் பெருங்குடலோடு சேருமிடத்தில் புண், சுருக்கம், மாலையானால் காய்ச்சல். துணுக்குச் சோதனையில் கிரானுலோமா, அதாவது நோயெதிர்ப்பு அணுக்கள் திரண்ட சிறு முடிச்சு. ஆறு மாதம் காசநோய் மாத்திரை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், வாய் கசக்கும், எதைப் பார்த்தாலும் குமட்டும். வீட்டில் எனக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். குடல் காசநோய் தட்டில் ஒட்டாது என்று யாரிடம் சொல்வது? ஆறு மாதம் முடிந்தும் புண் அப்படியே இருந்தது. இன்னும் மூன்று மாதம் நீட்டினார்கள். வேறு ஊரில் வேறு மருத்துவரிடம் போன பிறகுதான் குரோன் என்ற சொல்லையே கேட்டேன். அதற்குள் குடல் சுருங்கி அடைத்து, முப்பது சென்டிமீட்டரை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

எந்த மருத்துவமனை என்று சொல்லப்போவதில்லை. அவர்கள் அயோக்கியர்கள் இல்லை, அவசரப்பட்டார்கள், பிறகு தாமதித்தார்கள்.

இரவுப்பணி எழுதியது:

குடல் மருத்துவம் பார்க்கிறவன் என்பதால் ஒரு விளக்கம். இலைமறைகாய் சொன்னது நம் நாட்டில் அன்றாடக் குழப்பம். இரண்டு நோயும் ஒரே இடத்தைப் பிடிக்கும், இரண்டிலும் கிரானுலோமா வரும். காசநோய் உள்ளவருக்குக் குரோன் என்று நினைத்து ஸ்டீராய்டோ, அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசியோ போட்டால் காசநோய் உடம்பெல்லாம் பரவிவிடும். அந்தப் பயத்தில்தான் பலர் முதலில் காசநோய் மருந்தைத் தொடங்குகிறார்கள். தொடங்குவது தவறில்லை. ஆனால் இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி உள்ளே பார்க்க வேண்டும். காசநோயாக இருந்தால் அதற்குள் புண் ஆறத் தொடங்கியிருக்கும். ஆறவில்லை என்றால் மருத்துவர்தான் தன் முடிவை மறுபரிசீலனை செய்ய வேண்டும். நோயாளி ஒன்பது மாதம் காத்திருக்கக் கூடாது.

லெஸ்டர்வாசி எழுதியது:

நான் இங்கிலாந்தின் லெஸ்டரில் இருபது வருடமாக இருக்கிறேன். இது வெள்ளைக்காரர்களின் நோய் என்று ஊரில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இங்கே வந்து பார்த்தால் நம்மவர்கள்தான் மருத்துவமனை வரிசையில் நிற்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் இதே ஊரில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. குடியேறிய இந்தியர்களிடம் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ளூர் வெள்ளையர்களைவிட அதிகமாக இருப்பதாகத் தெரியவந்தது. அதே ரத்தம், அதே மரபணு. விமானம் ஏறியதும் என்ன மாறியது?

எலிக்கூண்டு எழுதியது:

மரபணுவையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது சகோதரரே. 2001இல் பாரிஸிலிருந்து ஒரு குழுவும் அமெரிக்காவிலிருந்து ஒரு குழுவும் ஒரே இதழில் ஒரே மரபணுவைக் கண்டு சொன்னார்கள். பெயர் நாட்-2, பதினாறாவது குரோமோசோமில் இருக்கிறது. பாக்டீரியாவின் செல்சுவரில் உள்ள ஒரு துண்டை மோப்பம் பிடிப்பது அதன் வேலை. வேடிக்கை என்னவென்றால், குரோன் நோயாளிகளிடம் இந்த மோப்பம் மந்தமாக இருந்தது. காவல்காரன் வெறிபிடித்துக் குதறுகிறான் என்று நினைத்திருந்த இடத்தில், சில பேரிடம் காவல்காரன் தூங்கிவிட்டு, திருடன் உள்ளே வந்த பிறகு பதறி எழுந்து வீட்டையே அடித்து நொறுக்குகிறான் என்று தெரிந்தது. இப்போது 200க்கும் மேற்பட்ட மரபணு இடங்களைச் சொல்கிறார்கள். ஆனாலும் ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்குக் குரோன் இருந்தால் மற்றவருக்கும் இருப்பது பாதிக்கும் குறைவு. அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் அது இன்னும் குறைவு.

மரபணு மட்டுமே போதும் என்கிற நிலையும் உண்டு. பச்சிளம் குழந்தைகளுக்கு வரும் கடும் குடல் அழற்சி அது. 2009இல் கிறிஸ்டோஃப் க்ளைன் குழுவினர், அப்படிப்பட்ட சில குழந்தைகளிடம் இன்டர்லூகின்-10ஐ வாங்கும் ஏற்பியே பழுதாகியிருப்பதைக் கண்டார்கள். மேலே எலியில் சொன்னேனே, அதே புரதம்தான். ஒரு குழந்தைக்கு எலும்பு மஜ்ஜை அணுக்களை மாற்றிவைத்தார்கள், குடல் ஆறிவிட்டது. கிருமியை யாரும் தொடவில்லை. இந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் ஆய்வகத்தில் கிருமிக் கட்சிக்காரர்கள் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

இனி விமானப் பயணத்துக்கு வருகிறேன். உணவு, சிறுவயதில் தின்ற ஆன்டிபயாட்டிக், நகர வாழ்க்கை என்று பட்டியல் நீளும். என்னை உறுத்துவது ஒன்றுதான். 2015இல் அட்லாண்டாவில் பெனுவா ஷாசேங்கும் ஆண்ட்ரூ கெவிர்ட்ஸும், ஐஸ்கிரீமிலும் பாக்கெட் உணவிலும் எண்ணெயும் நீரும் பிரியாமல் இருக்கச் சேர்க்கும் இரண்டு பொருட்களை எலிகளின் குடிநீரில் கலந்து கொடுத்தார்கள். கார்பாக்சிமீத்தைல் செல்லுலோசும் பாலிசார்பேட்-80உம். குடலின் சளிப்படலம் மெலிந்து, பாக்டீரியா சுவரை நெருங்கிவிட்டது. நோய்க்கு ஆளாகும் தன்மையுள்ள எலிகளுக்கு அழற்சியே வந்தது. கிருமி இல்லாத எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பழையசோறு எழுதியது:

ஆக, நான் சொன்னதுதான். பாக்கெட்டை விடு, பானையைத் தொடு.

கரிசல்காட்டான் எழுதியது:

எல்லாம் புரிகிறது தங்கச்சி. ஆனால் கேப்சூல் கேள்வி அப்படியே நிற்கிறது. சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும் என்றீர்கள். ஒருவரைச் சமாதானப்படுத்தும் ஆளை அனுப்பினால் ஆகாதா?

எலிக்கூண்டு எழுதியது:

ஆளை அனுப்பலாம், சரியான ஆள் டப்பாவில் இல்லை. 2008இல் ஃபிரான்ஸில் ஹாரி சொகோல் குழுவினர், குரோன் அறுவைக்குப் பிறகு நோய் திரும்பியவர்களின் குடலில் ஃபேக்கலிபாக்டீரியம் பிராஸ்னிட்சி என்ற பாக்டீரியா குறைந்திருப்பதைக் கண்டார்கள். (பெயரை இரண்டு முறை சொல்லிப் பாருங்கள், நாக்கு சுளுக்கும்.) நாம் செரிக்காமல் விடுகிற நார், மாவுப்பொருளிலிருந்து பியூட்டிரேட் என்ற அமிலத்தைச் செய்யும் கூட்டத்தில் அது ஒன்று. பெருங்குடல் சுவரின் அணுக்களுக்கு அந்த அமிலம்தான் முக்கியச் சாப்பாடு. காவல்காரனுக்குக் கடிவாளம் போடும் ஒழுங்குமுறை டி அணுக்கள் பெருகவும் அது உதவுகிறது. அந்த டி அணுக்களைக் கண்டதற்குத்தான் ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

சிக்கல் இதுதான்: ஆக்சிஜன் பட்டாலே இந்தப் பாக்டீரியா செத்துவிடும். கடையில் விற்கும் கேப்சூலில் இருப்பவை பெரும்பாலும் லாக்டோபாசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் வகைகள். கோவில்பட்டிக்குப் போக வேண்டியவரைக் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்ட கதை. இன்னொரு சந்தேகமும் உண்டு. அழற்சி வந்த சுவரில் ரத்தமும் ஆக்சிஜனும் கசிவதால்தான் இவை சாகின்றனவோ? அப்படியானால் இவை குறைந்தது நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா?

இரவுப்பணி எழுதியது:

அந்தக் கேள்விக்குக் கனடாவில் பதில் தேடுகிறார்கள். 2008 முதல், குரோன் நோயாளிகளின் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகள் என்று நோய் இல்லாத 5,000க்கும் மேற்பட்டோரைச் சேர்த்து, மலத்தையும் ரத்தத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். டொரொன்டோவின் கென் குரொய்டோரு நடத்தும் திட்டம். 2023இல் வந்த கட்டுரையில், 3,483 பேரில் பிற்பாடு 73 பேருக்குக் குரோன் வந்தது. நோய் வருவதற்கு முன்பே அவர்களுடைய நுண்ணுயிர்க் கூட்டம் மாறுபட்டிருந்தது. விளைவு மட்டும்தான் என்று இனிச் சொல்ல முடியாது. கரிசல்காட்டான், உங்கள் தம்பியின் நோய் குரோன் இல்லைதான், இருந்தாலும் நீங்கள் அண்ணன் என்பதால் இதையும் கவனியுங்கள்: மீதி 3,410 பேருக்கு அந்தக் காலத்தில் நோய் வரவில்லை. கவலைப்படாமல் தூங்குங்கள்.

கேப்சூலுக்கு வருவோம். அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், குரோனுக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கும் புரோபயாட்டிக்கை (அந்த நல்ல பாக்டீரியா கேப்சூல் வகைதான்) ஆய்வுச் சோதனைக்குள் மட்டும் கொடுங்கள் என்று சொல்லிவிட்டது. கடைக்காரரிடம் அதற்குமேல் வாதாட வேண்டாம்.

வைகைக்கரை எழுதியது:

மலத்தையே மாற்றி வைக்கும் சிகிச்சை என்று படித்தேனே? அருவருப்பை ஒதுக்கிவிட்டுக் கேட்கிறேன்.

எலிக்கூண்டு எழுதியது:

ஐயா, அதில்தான் ஒரு நல்ல கதை இருக்கிறது. 2015இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 75 அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு ஆரோக்கியமானவர்களின் மலக்கரைசலை வாரம் ஒருமுறை எனிமாவாகக் கொடுத்தார்கள். மறுபாதியினருக்கு வெறும் தண்ணீர். முதல் பிரிவில் 24 விழுக்காட்டினருக்கு நோய் தணிந்தது, தண்ணீர்ப் பிரிவில் 5 விழுக்காடு. தணிந்த ஒன்பது பேரில் ஏழு பேருக்கு மலம் கொடுத்தது ஒரே ஆள்! ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயர் 'பி' என்ற எழுத்து மட்டும். அவர் வயிற்றில் அப்படி என்னதான் இருந்தது என்பதுதான் எல்லோருக்கும் குடைச்சல்.

பழையசோறு எழுதியது:

கைராசி மருத்துவர் கேள்விப்பட்டிருக்கிறேன். இது வேறு ராசியாக இருக்கிறது.

இரவுப்பணி எழுதியது:

சிரித்துவிட்டேன். ஆனால் யாரும் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். 2019இல் அமெரிக்காவில் சரியாகப் பரிசோதிக்காத மலத்தின் வழியாக, மருந்துக்கு அடங்காத ஈ.கோலை பாக்டீரியா ஏறி ஒரு நோயாளி இறந்தே போனார்.

லெஸ்டர்வாசி எழுதியது:

பழைய சோற்றுக்காரரைக் கிண்டல் செய்தே இழை போகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் அதை வைத்துக் குடல் நோய்க்கு ஆய்வு செய்வதாகச் செய்தி வந்ததே?

எலிக்கூண்டு எழுதியது:

வந்தது. யோசனையில் சாரம் இல்லாமல் இல்லை. சோறு ஆறும்போது அதன் மாவுப்பொருளில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காத வகையாக மாறுகிறது. அது பெருங்குடலுக்குப் போய்ப் பாக்டீரியாவுக்கு உணவாகி, பியூட்டிரேட் போன்ற அமிலங்களாகிறது. இதற்கு வேலூர் சிஎம்சியில் பழைய முன்னுதாரணம் உண்டு. பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் காலரா நோயாளிகளுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலோடு செரிக்காத மக்காச்சோள மாவைச் சேர்த்துக் கொடுத்து, கழிச்சல் குறைவதை 2000இல் காட்டினார்கள். ஆனால் காலராவில் குடல்சுவர் புண்ணாவதில்லை. அங்கே பலித்தது இங்கே பலிக்குமா என்பதை நோயாளிகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். பானையில் என்ன பாக்டீரியா ஊறுகிறது என்பதும் ஊருக்கு ஊர், தண்ணீருக்குத் தண்ணீர் மாறும்.

பழையசோறு எழுதியது:

முதல் முறையாக ஒரு விஞ்ஞானி என்னை மதித்திருக்கிறார். வெங்காயத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இலைமறைகாய் எழுதியது:

எல்லாம் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் நோயாளியாக ஒன்று கேட்கிறேன். இத்தனை எலி, இத்தனை மரபணு, இத்தனை மலம். எனக்கு என்ன கிடைத்தது? எட்டு வாரத்துக்கு ஒருமுறை இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற டிஎன்எஃப் தடுப்பு மருந்தை ஏற்றிக்கொள்கிறேன். அது அமெரிக்காவில் குரோனுக்கு அனுமதி பெற்றதே 1998இல். அதற்குப் பிறகு?

இரவுப்பணி எழுதியது:

கோபம் நியாயம். ஒரு சோதனையை மட்டும் சொல்கிறேன். கேம்பிரிட்ஜைச் சேர்ந்தவர்கள், ரத்தத்தில் உள்ள ஒரு மரபணுக் குறியை வைத்து யாருக்குக் குரோன் முரட்டுத்தனமாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று நம்பினார்கள். புதிதாக நோய் கண்ட 386 பேரை வைத்துச் சோதித்தார்கள். 2024இல் முடிவு வந்தபோது அந்தக் குறி எதற்கும் உதவவில்லை. பல ஆண்டு உழைப்பு வீண். ஆனால் அதே சோதனையில், எல்லோருக்கும் தொடக்கத்திலேயே இன்ஃப்ளிக்ஸிமாபும் கூடவே இன்னொரு நோயெதிர்ப்பு அடக்கி மருந்தும் கொடுத்த பிரிவில் 79 விழுக்காட்டினர் ஓராண்டுக் கடைசியில் நலமாக இருந்தார்கள். வழக்கம்போலப் படிப்படியாக மருந்தை ஏற்றிய பிரிவில் 15 விழுக்காடு. தேடியது கிடைக்கவில்லை, தேடாதது கிடைத்தது. மருந்து உங்களுக்குத் தெரிந்த பழைய மருந்துதான். கொடுக்கும் நேரம்தான் மாறியது.

இலைமறைகாய் எழுதியது:

நேரம். எனக்கு ஒன்பது மாதம் போனது நினைவிருக்கிறதல்லவா.

இரவுப்பணி எழுதியது:

இருக்கிறது.

கரிசல்காட்டான் எழுதியது:

கேப்சூல் வாங்கப்போவதில்லை என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் வேறு கூத்து. இரத்தம் நின்றுவிட்டதால் தம்பி பத்து நாளாக மெசலமைனையும் நிறுத்தியிருக்கிறான்.

இரவுப்பணி எழுதியது:

இன்றைக்கே மருத்துவரிடம் பேசி மறுபடி தொடங்கச் சொல்லுங்கள். இரத்தம் நின்றதே அந்த மாத்திரையால்தான். மலத்தில், குடல் அழற்சியைக் காட்டிக்கொடுக்கும் கால்புரோடெக்டின் என்ற புரதம் எவ்வளவு இருக்கிறது என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வெளியே அடங்கியது உள்ளேயும் அடங்கியதா என்று அது சொல்லும்.

கரிசல்காட்டான் எழுதியது:

பேசிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் அவனே படித்துக்கொண்டிருக்கிறான். மாத்திரையைப் போடுகிறானாம், மோர் குடிக்கலாமா என்று கேட்கச் சொல்கிறான்.

இரவுப்பணி எழுதியது:

ஒத்துக்கொண்டால் குடிக்கட்டும். மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கிவிட்டு.